பேர்ளி இறக்கிய கரவான்

"ஒடி, ஒடி, இன்னும் கொஞ்சம் ஒடி" என்று உதயன் நடுத்தெருவில் நின்று ஸ்டியரிங்கை வளைக்கச் சொல்லிக் கையை ஆட்ட, பேர்ளி அவன் காட்டிய பக்கத்துக்கு நேரெதிர்ப் பக்கமாக ஸ்டியரிங்கை வெட்டினாள். கரவான் சொல்வழி கேட்டுப் பின்னுக்குப் போனது. பாரிஸில், ரூ பஜோல் வீதியிலிருந்து பிரிகிற அந்தச் சின்னத் தெருவில், சாமான் இறக்குவதற்குக் கோடு கீறிவிட்ட இடத்தில், ஒரு பக்கம் மீன் வான், மறுபக்கம் குப்பைத் தொட்டிகள். நடுவில் கிடந்த இடைவெளியைப் பார்த்தால் எந்தச் சாரதியும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். அவள் தன்னுடைய எஸ்யூவி வண்டியையும், அதன் வாலில் கொளுவியிருந்த சில்லு வைத்த வீட்டையும் ஒரே தரத்தில் அதற்குள் சொருகிவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

"தம்பி உதயன், காலை எடும். சில்லு ஏறப்போகுது."

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அந்நேரம் வேலையில்லாதவர்கள் எல்லோரும், வேலை இருந்தவர்களில் பாதிப்பேரும் அங்கேதான் நின்றார்கள். உதயன் சலூன்காரன், கத்தரிக்கோல் கையோடுதான் வந்திருந்தான். உள்ளே ஒருவர் அரைத் தலையோடு காத்திருந்தார். பேர்ளி இறங்கி, இரண்டு மரக்கட்டைகளை எடுத்துக் கரவானின் சில்லுகளுக்கு அண்டை கொடுத்து, குதிக்காலால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதை உதைத்துப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"வந்திட்டுது சர்க்கஸ்" என்றார் அன்ரன், கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு.

அன்ரன் பேர்ளியின் மூத்த சகோதரர். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஊர் உலகத்தில் எந்தக் கதை எடுத்தாலும் அதில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர். தங்கச்சி ருவாசி விமான நிலையத்தில் பெட்டி இழுக்கிற ட்ராக்டர் ஓடுகிறாள் என்பதையே அவர் வெளியில் சொல்வதில்லை. "ஏர்போட்டிலை வேலை" என்பதோடு நிறுத்திவிடுவார். அவளோ, விமானத்தின் வயிற்றடிக்கு ஐந்தாறு வண்டிலைத் தொடராகக் கொளுவி இழுத்துப்போய், பனியிலும் மழையிலும் ஒரு பெட்டியைக்கூடச் சரிக்காமல் நிறுத்துகிறவள். இழுவையோடு ஓடுவதற்கென்று தனியாகப் படித்துப் பெர்மி என்கிற லைசென்சும் எடுத்தாள். பிறகு தான் குடியிருக்கிற கூசேன்வில்லில் ஒரு பென்சன்காரக் கிழவரிடம் இந்தப் பழைய கரவானை வாங்கினாள். அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் தெற்கே லூர்து மாதாவிடம் போகிற மன்னார்ச் சனத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பொறுப்பு அவள் தலையில் ஏறிக்கொண்டது. ஏறியது என்ன, அவளாகத்தான் குனிந்து ஏற்றினாள்.

லூர்தில் அரிசி இல்லையா, தேங்காய் இல்லையா என்று எங்கள் ஆட்களிடம் கேட்கக்கூடாது. ஊரில் மடு மாதா திருவிழாவுக்கு மூட்டை முடிச்சோடு போய்க் கூடாரம் போட்டுச் சமைத்த சனம். மாதா வேறு நாட்டில் இருந்தாலும் சோறு தங்கள் அரிசியில்தான் வேகவேண்டும். அப்படித்தான் புறநகர் லெ பிளாங்-மெனிலிலிருந்து ரோசாலி அக்கா மெட்றோவிலும் பஸ்ஸிலும் ஏறி, ஒரு பெரிய தட்டு முட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள்.

"அக்கா, அங்கை முட்டை விக்கிற கடை இருக்கு" என்றாள் பேர்ளி.

"இருக்கும். இது நான் பாத்து வாங்கினது."

பேர்ளி அதை வாங்கினாள். முட்டைத் தட்டைக் குளிக்கிற துவாயால் சுற்றி, கரவானின் நடுவில், சில்லுக்கு நேர் மேலே, அரிசிச் சாக்குகளுக்கிடையில் இடுக்கி வைத்தாள். பாரமான எதையும் அவள் அந்த நடு இடத்தில்தான் அடுக்குவாள். பின்பக்கம் போர்வையும் பிளாஸ்டிக் கோப்பையும்தான் போகும். "பின்னுக்குப் பாரம் வைச்சால் வால் ஆட்டும் அண்ணை. வால் ஆட்டத் துவங்கினால் காரையும் சேத்து ஆட்டும்" என்று அன்ரனிடம் சொல்லிவிட்டு, புருஷன் மடுத்தீனுக்கு மருந்து வாங்க முனையிலிருந்த பார்மசிக்குப் போனாள்.

ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் இருந்து போகிறவர் மடுத்தீன். இந்தமுறை முழங்காலில் ஒப்பரேஷன். ஆகவே அன்ரன் போகவேண்டியதாயிற்று.

அவள் போன நேரம் பார்த்து இன்னும் இரண்டு அரிசிச் சாக்கும், சமைக்கிற கிடாரமும், அது நிறையத் தேங்காயும் வந்தன. அன்ரன் நடுப்பக்கத்தைப் பார்த்தார். அடுக்கினதைக் கலைக்கவேண்டும். கதவோ பின்பக்கத்தில் இருந்தது. "கதவடியிலையே வை. இறக்கவும் லேசு" என்று உதயனிடம் சொன்னார். உதயன் கொஞ்சம் தயங்கினான். "பேர்ளி கேட்டால் நான் சொல்லுறன்" என்றார். கடையில் சாமான் அடுக்கி அடுக்கியே தலை நரைத்தவருக்கு இதில் வேறு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம்.

பேர்ளி திரும்பி வந்ததும் கொளுக்கியைத்தான் முதலில் பார்த்தாள். கரவானின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. கதவைத் திறந்தாள், கிடாரத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அதற்குள் தெருமுனையில் தண்டம் எழுதுகிறவர்களின் தொப்பி தெரிந்தது.

"வழியிலை நிப்பாட்டி மாத்துவம்" என்று மட்டும் சொல்லிக் கட்டைகளை எடுத்தாள்.

வழியில் நிறுத்தினார்கள். லிமோஜ் நகரத்துக்கு முன்னால், மரநிழலோடு கிடந்த ஒரு ஓய்விடத்தில். அன்ரன் கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மர வாங்கில் சாய்ந்தார். பேர்ளி தனியாகக் கரவானுக்குள் ஏறி ஒரு சாக்கை நடுவுக்கு இழுத்தாள். இழுத்துவிட்டு வந்து படியில் குந்தி இடது தோளைத் தேய்த்தாள்.

"என்ன?"

"தோள் உளையுது. சாக்கு இழுத்தது."

"விடு பிள்ளை. ஆறுதலா அங்கை போய் இறக்குவம். இவ்வளவு தூரமும் ஆடாமல்தானே வந்தது."

அவள் எழும்பிக் கரவானின் கதவைச் சாத்தினாள். மற்றச் சாக்கும் கிடாரமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

லிமோஜைத் தாண்டியதும் நாடு ஏறவும் இறங்கவும் தொடங்கிற்று. ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் அடக்கமாக ஏறி, இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, அவள் ஒரு அவசரமும் இல்லாமல் ஓடினாள். அன்ரன் தன் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டு வந்தார்: பேர்ளியின் மகள் சுஜானிக்குக் கலியாணம் பேசவேண்டும், பிள்ளை பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறது, மடுத்தீன் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கவேண்டும். பேர்ளி "ஓம்", "ம்" என்றாள். இடையிடையே, "அண்ணை, உங்கடை பக்கக் கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்கோ. அவர் எண்டால் சொல்லிக்கொண்டு வருவார்" என்றாள். அன்ரன் ஒருதரம் பார்த்தார், இன்னொருதரம் பார்த்தார், பிறகு கதை சுவாரசியத்தில் மறந்துபோனார்.

முன்னால் எங்கேயோ விபத்தென்று பெருந்தெருவை மூடியிருந்தார்கள். மஞ்சள் பலகைகள் அவர்களை ஒரு சின்ன வீதிக்குத் திருப்பிவிட்டன. காட்டுக்குள்ளால் ஏறி ஏறிப்போய், உச்சியில் ஒரு பலகை: பத்து வீத இறக்கம். வலப்பக்கம் கற்சுவர், அதற்கு அங்கால் பள்ளம். கீழே, வெகு கீழே, ஒரு ஊரின் கூரைகள் தெரிந்தன. ஒதுங்கி நிறுத்த ஒரு முழம் இடம் இல்லை. பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது.

பேர்ளி கியரைக் குறைத்தாள். நெற்றி வியர்த்திருந்தது. ஏசி போட்டிருந்தும் வியர்த்திருந்தது. அன்ரன் அதைக் கண்டார். கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கிடாரத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் வளைவில் கீழிருந்து ஒரு பால் லொறி ஏறி வந்தது. அது கடந்த காற்றில் கரவான் ஒருமுறை அசைந்தது. பிறகு மற்றப் பக்கம் அசைந்தது. பிறகு நிற்கவில்லை.

"அண்ணை, கண்ணாடியிலை என்ன தெரியுது?"

"கரவான் வருது... இல்லை, மறையுது. திரும்பவும் வருது."

கார் பின்பக்கத்தால் இழுபட்டது. யாரோ பின்னுக்கு நின்று பிடரியில் பிடித்து உலுப்புவது மாதிரி. அன்ரன் கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டார். "பிரேக்கை மிதி. பேர்ளி, பிரேக்கை மிதி."

"மிதிச்சால் போச்சு" என்றாள். குரல் உயரவில்லை. "கதையாதேங்கோ அண்ணை."

வேகம் கொடுத்த காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தாள். ஆட்டத்தோடு சண்டைக்குப் போகவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைத் தடுத்தது. வால் ஆடியது, ஆடியது, கொஞ்சம் குறைந்தது, திரும்ப ஒருமுறை பெரிதாக வீசியது, பிறகு அடங்கிற்று. அவள் மூச்சை விட்டு, கியரை இன்னும் ஒன்று இறக்கினாள். அடுத்த வளைவில் ஒரு கூட்டம் சைக்கிள்காரர் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழி விட்டாள். கற்சுவருக்கும் கரவானுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி. அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டாள். அவள் உதடு நிறம் மாறியிருந்ததை அன்ரன் பார்க்கவில்லை. அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் வந்தது. கோவிலும், அதற்கு முன்னால் மரங்கள் நின்ற ஒரு வெளியும். பேர்ளி உடனே நிறுத்தவில்லை. வெளியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கரவானைத் தெருவைப் பார்த்த மாதிரி நேராக விட்டுத்தான் நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பினாள்.

"அண்ணை, இறங்கிக் கட்டையை வையுங்கோ."

அன்ரன் கதவுப்பிடியை விட்டார். இறங்கிப்போய்க் கட்டைகளை எடுத்து வைத்தார். திரும்பி வரும்போது அவள் இருக்கையில் தலையைச் சாய்த்திருந்தாள். ஒரு கை நெஞ்சில் கிடந்தது. முகம் மெழுகு நிறத்தில் இருந்தது.

"கட்டை வைச்சிட்டியளே அண்ணை?"

"ஓம் பிள்ளை, வைச்சிட்டன். உனக்கு என்ன செய்யுது?"

அவள் தலையை ஆட்டினாள். கட்டை வைத்ததற்காக ஆட்டினாளா, இவருடைய கேள்விக்கு ஆட்டினாளா தெரியாது. பிறகு நெஞ்சில் கிடந்த கை வழுக்கி மடியில் விழுந்தது.

பேக்கரிக்காரி ஓடிவந்தாள். பிறகு அம்புலன்ஸ் வந்தது. மரத்தடியில் கிடத்தி வெகு நேரம் பாடுபட்டார்கள். கடைசியில் டொக்டர் எழும்பிக் கையுறையைக் கழற்றினாள். இளம் பெண். எப்போதிருந்து வலி இருந்தது என்று கேட்டாள். அன்ரனுக்குத் தெரியாது. பாரிஸிலிருந்து பக்கத்தில் இருந்து வந்த மனிதர், தெரியாது. தோள் உளைவு, வியர்வை என்று தெரிந்ததைச் சொன்னார்.

"அப்படியானால் இந்த மலைக்கு முன்பே தொடங்கியிருக்கும்" என்றாள் அவள். நிமிர்ந்து மலையைப் பார்த்தாள், கரவானைப் பார்த்தாள். "இதை யார் இறக்கியது?"

அன்ரன் மரத்தடியைக் காட்டினார். டொக்டர் திரும்பவும் மலையைப் பார்த்தாள்.

உடலைப் பாரிஸுக்குக் கொண்டுவர அலுவல்கள் இருந்தன. அன்ரன் ரயிலில் திரும்பினார். அவர் வந்து சேர முன்பே கதை லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மலையில் கரவான் ஆடியது என்று அவர் தொலைபேசியில் சொன்னது ஒரு வரி. மிச்சத்தைச் சனம் எழுதிக்கொண்டது. பேர்ளி பயத்தில் ஸ்டியரிங்கைக் கைவிட்டாளாம். அன்ரன் எட்டிப் பிடித்து நிறுத்தினாராம். அந்த அதிர்ச்சியில்தான் அவளுக்கு நெஞ்சு அடைத்ததாம்.

"பொம்பிளை ஓடுற சாமானே அது" என்றாள் ரோசாலி அக்கா, கடைக்குள் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆண்டவர்தான் உங்களை அங்கை இருத்தினது. நீங்கள் பிடிக்காட்டி ரெண்டு பேரும் போயிருப்பியள்."

"நான் ஒண்டும் பிடிக்கேல்லை அக்கா. அவதான் இறக்கினவ."

"சரி, சரி. இப்ப அதைக் கதையாதேங்கோ."

அன்ரன் எல்லோருக்கும் சொன்னார். உதயனுக்குச் சொன்னார், மீன் வான்காரனுக்குச் சொன்னார், துக்கம் விசாரிக்க வந்தவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செத்துப்போன தங்கச்சியை விட்டுக்கொடுக்க மனமில்லை பாவம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்கத் தன் புகழையே பாடிய மனிதரை, முதல்முறையாக அதை மறுத்தபோது, ஒருவரும் நம்பவில்லை.

செத்தவீட்டு மண்டபத்தில் பேர்ளியை நீலச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். கையில் செபமாலை சுற்றியிருந்தது. சுஜானி பெட்டியின் தலைமாட்டில் அழாமல் நின்றாள். அன்ரன் பக்கத்தில் வந்ததும் பிரெஞ்சில், மெதுவாகக் கேட்டாள்: அம்மா ஸ்டியரிங்கைக் கைவிட்டுவிட்டாளா?

"இல்லையம்மா."

"அப்ப ஏன் மாமா எல்லாரும் அப்பிடிச் சொல்லுகினம்?" இதைத் தமிழில் கேட்டாள்.

நாளைக்கு மறுநாள் அடக்கம். மண்ணுக்குள் போகப்போகிற தங்கச்சியோடு சேர்ந்து அந்தப் பொய்யும் உள்ளே போய் இறுகிவிடும். அது அவருக்குத் தெரிந்தது. தாய் பயந்து கைவிட்டாள் என்றே இந்தப் பிள்ளை காலம் முழுக்க நினைக்கும். கடையில் எத்தனை பேரின் வாயை அடைத்தவர், இந்த ஒரு பிள்ளைக்கு முன்னால் வாயடைத்து நின்றார்.

அன்று மத்தியானம் அந்த மலையடி ஊரிலிருந்து மேயர் அழைத்தார். துக்கத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவேண்டும் என்றார். அவர்களுடைய ஊரிலும் பதினைந்தாம் திகதி திருவிழாவாம்; அந்த வெளி தேவையாம். கரவானை எடுக்கமுடியுமா, இல்லாவிட்டால் இழுவைக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். நான் வந்து எடுக்கிறன்" என்றார் அன்ரன். முன்னொரு காலத்தில் சந்தைக்கு மரக்கறி ஏற்றவென்று இழுவைக்கும் சேர்த்து எடுத்த பெர்மி அவரிடம் இருந்தது. எடுத்த நாளுக்குப் பிறகு எதையும் இழுத்ததில்லை.

மடுத்தீன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பினார். "நானும் வாறன் மச்சான். கண்ணாடி பாக்க ஆள் வேணும்."

மறுநாள் விடிய ரயிலேறினார்கள். கரவான் விட்ட இடத்தில் விட்டபடி நின்றது. கட்டைகள் சில்லோடு ஒட்டிக் கிடந்தன. யாரோ அதன் கதவடியில் ஒரு சின்னப் பூச்சாடி வைத்திருந்தார்கள். மடுத்தீன் அதைச் சுற்றிச் சுற்றி நொண்டி நடந்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"நேரா விட்டிருக்கிறா. பின்னுக்கு எடுக்கவே தேவையில்லை. ஏறி இருந்து ஓட்டவேண்டியதுதான்." ஊன்றுகோலால் கட்டையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இப்பிடி விட்டால் ஆரும் எடுக்கலாம்."

அன்ரனுக்கு அப்போதுதான் விளங்கியது. நெஞ்சைப் பிய்க்கிற வலியோடு அவள் அந்த வெளியை ஏன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள் என்று விளங்கியது. அண்ணனுக்குப் பின்னுக்கு விடத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அவர் கரவானின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஏறினார், மச்சான் முகத்தைப் பார்க்காமல் இருக்க.

உள்ளே வெக்கை. அவர் கிடாரத்தை இரண்டு கையாலும் பிடித்து நடுவுக்கு இழுத்தார். தேங்காய்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அடுக்கினார். பின்னுக்குக் கிடந்த சாக்கை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, சில்லுக்கு நேர் மேலே கொண்டுபோய் வைத்தார். இடுப்பு விண் விண்ணென்று வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டார். அப்போது துவாய்ச் சுருணை கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தார். ஒரு முட்டை உடையவில்லை. கோது கீறிய அடையாளம்கூட இல்லை. அன்ரன் அந்தத் தட்டோடு சாக்கின் மேல் இருந்து, ஊரில் தாய் செத்தபோதும் அழாத மனிதர், வாய்விட்டு அழுதார்.

இறங்கி வந்து தட்டை, காரில் ஏறியிருந்த மடுத்தீனின் மடியில் வைத்தார். "இதை நீ பிடி. அவவின்ரை ஓட்டத்திலை தப்பினது. என்ரை ஓட்டத்திலை தப்பாது."

வந்த மலையாலேயே ஏறவேண்டியிருந்தது. கற்சுவரும் பள்ளமும் வளைவுகளும் இப்போது மறுபக்கமாக வந்தன. மடுத்தீன் மடியில் முட்டையோடு பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "வலப்பக்கம் சரி" என்றார். வளைவு வந்தது. "வலப்பக்கம் சரி." உச்சிக்கு வந்ததும் தலையைத் திருப்பி, ஏறிவந்த சரிவைப் பார்த்தார்.

"இதாலையே இறக்கினவ?"

"ஓம்."

"நெஞ்சு நோவோடை."

"ஓம் மச்சான்."

பாரிஸ் வரைக்கும் "வலப்பக்கம் சரி" என்பது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

லாச்சப்பலுக்கு வந்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது. ஆகஸ்ட் மாதத்துப் பின்னேரம். கடை வாசலில் சனம் நின்றது. அரிசியும் கிடாரமும் அடக்கத்தன்று சமையலுக்கு வேண்டுமென்று சுஜானியும் கூசேன்வில்லிலிருந்து வந்திருந்தாள். கோடு கீறிய அதே இடம், மீன் வான், குப்பைத் தொட்டிகள். அன்ரன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பின்னுக்கு எடுத்தார்.

வலது வெட்டினார். கரவான் இடது போனது. இடது வெட்டினார். அது மூர்க்கம் பிடித்துத் தெருவுக்குக் குறுக்கே மடிந்தது. முன்னுக்கு எடுத்து நேராக்கித் திரும்பவும் விட்டார். குப்பைத் தொட்டி ஒன்று சரிந்தது. திரும்பவும் விட்டார். மீன் வான்காரன் ஓடிவந்து தன் வானுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். பின்னால் கார்கள் ஹோன் அடிக்கத் தொடங்கின. உதயன் நடுத்தெருவில்தான் நின்றான். இந்தமுறை அவன் "ஒடி" என்று சொல்லவில்லை.

அன்ரன் வியர்த்துக் குளித்து இறங்கினார். "உதயன், நீ ஒருக்கா விட்டுப் பார்."

உதயன் ஏறினான். அவனுக்கும் காரும் கரவானும் கோணல் மூலையாக மடிந்தன. இறங்கிவிட்டான். "அண்ணை, இது என்னாலை ஏலாது" என்றான். மீன் வான்காரனைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டிப் பின்னுக்கு நகர்ந்தான். லாச்சப்பலின் அத்தனை சாரதிமாரும் அங்கே நின்றார்கள். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை.

கடைசியில் கொளுக்கியைக் கழற்றினார்கள். உதயனும் மீன் வான்காரனும் அரைச்சவரத்தோடு வந்த ஒருவரும் இன்னும் நாலைந்து பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அன்ரன் நடுவில் நின்று தள்ளினார். மூச்சு வாங்க, முழிபிதுங்க, அங்குலம் அங்குலமாகத் தள்ளி அதை அந்த இடைவெளிக்குள் கொண்டுபோனார்கள். எல்லாரும் இடுப்பில் கையை ஊன்றி நின்றார்கள். அன்ரன் சட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அந்த மலையிலை நான் தலையைக் குனிஞ்சுகொண்டு செபம் சொன்னனான். வேறை ஒண்டும் செய்யேல்லை."

இந்தமுறை ஒருவரும் பாவமென்று தலையை ஆட்டவில்லை. உதயன் கரவானையும் தெருவையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

மடுத்தீன் ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் தட்டுமாகக் காரிலிருந்து இறங்கி, ரோசாலி அக்காவிடம் போனார். "உங்கடை முட்டை அக்கா. அவ வைச்ச இடத்திலைதான் கிடந்தது."

ரோசாலி அக்கா துவாயை விலக்கினாள். ஒரு வரிசையைப் பார்த்தாள், அடுத்த வரிசையைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். சுஜானி பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்தாள்.

"ஒண்டும் உடையேல்லைப் பிள்ளை" என்றாள் ரோசாலி அக்கா. பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாமல், துவாயைத் திரும்பவும் பக்குவமாக மூடினாள்.

சுஜானி கரவானடிக்குப் போனாள். கட்டைகளை எடுத்து, முழங்காலில் இருந்து, சில்லுகளுக்கு அண்டை கொடுத்தாள். எழும்பிக் குதிக்காலால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதை உதைத்துப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, முதல் சாக்கை இறக்கக் கையை நீட்டினாள்.